பிறருக்காக வாங்குதல்

கல்முனைக் கடைத்தெருவில் தனக்கென்று ஒரு சாரன் வாங்கப் போகிறவன் நெசவில் இழை அறுந்திருப்பதைக் கண்டால் விலையைக் குறைத்துக் கேட்கலாம். 'பரவாயில்லை' என்று எடுத்துக்கொண்டும் போகலாம். பணம் அவனுடையது, உடுத்தப்போவதும் அவன்தான். ஆகவே குறையைப் பொறுத்துக்கொள்ளும் உரிமையும் அவனிடமே இருக்கிறது. அதே மனிதன் ஊராரிடம் பணம் திரட்டி அநாதைப் பிள்ளைகளுக்குப் பெருநாள் உடுப்பு வாங்கப் போகிறான் என்று வைத்துக்கொள்வோம். கிழிசலைப் பார்த்து 'பரவாயில்லை' என்று சொல்ல இப்போது அவனுக்கு உரிமை உண்டா? பணமும் அவனுடையதல்ல, கிழிசலை உடுத்தப்போகும் உடலும் அவனுடையதல்ல.

ஒரு பல்கலைக்கழகம் மென்பொருள் வாங்கும்போது எழும் அறக்கேள்வியும் இதுவே.

2020இல் கொரோனாத் தொற்று வளாகங்களை மூடியபோது இலங்கைப் பல்கலைக்கழகங்களின் விரிவுரைகள் 'லேர்ன்' வலையமைப்பின் ஊடாக 'சூம்' திரைக்கு இடம்பெயர்ந்தன. வளாகங்கள் மீண்டும் திறந்தன. ஆயினும் திரை போய்விடவில்லை. பாடக்குறிப்பு, ஒப்படை, நூலகத் தேடல் என்று கல்வியின் பெரும்பகுதி இன்று கணினியின் ஊடாகவே நடக்கிறது. கட்புலனற்ற மாணவன் இந்தத் திரையைச் செவியால் வாசிக்கிறான். திரையில் உள்ள எழுத்தைக் குரலாக மாற்றும் திரைவாசிப்பான் என்ற மென்பொருள் அவனுக்கு உண்டு. 2006இல் அவுஸ்திரேலியாவில் கட்புலனற்ற இளைஞர் இருவர் தொடங்கிய 'என்விடிஏ' என்னும் திரைவாசிப்பான் இலவசமாகக் கிடைக்கிறது, தமிழையும் வாசிக்கிறது. மாணவன் தன் பங்கைச் செய்துவிட்டான் என்பதே இதன் பொருள். இனி எஞ்சியிருப்பது நிறுவனத்தின் பங்கு.

'சமர்ப்பி' என்ற பொத்தானுக்கு நிரலில் பெயர் இடப்படாவிட்டால் திரைவாசிப்பான் 'பொத்தான்' என்று மட்டும் சொல்லும். எந்தப் பொத்தான் என்று சொல்லாது. மவுஸ் இல்லாமல் நகராத பரீட்சைப் பக்கத்தில், விசைப்பலகையை மட்டுமே நம்பியிருப்பவன் முதல் வினாவிலேயே நின்றுவிடுவான். பக்கங்களைப் படம்பிடித்து ஏற்றிய நூல் அவனுக்கு வெறும் மௌனம். நமக்கே உரிய இன்னொரு தடையும் உண்டு. யுனிகோட் வந்து பல்லாண்டுகள் ஆகியும் பாமினி எழுத்துருவில் தட்டெழுதிய குறிப்புகள் நம்மிடையே புழங்குகின்றன. கண்ணுக்கு அவை அழகிய தமிழ். திரைவாசிப்பானுக்கோ ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த பிதற்றல்.

இங்கே குறை யாருடையது? கண்ணுடையது என்றே நாம் சொல்லிப் பழகிவிட்டோம். பெயரில்லாத பொத்தானைச் செய்தவன் ஒரு தொழிலாளி. அதைப் பார்க்காமல் வாங்கியது ஒரு குழு. இரண்டும் மனிதர் செய்த காரியங்கள். இறைவன் தந்த கண்ணின் மீது அவற்றின் பழியைப் போடுவது நியாயமல்ல.

தானியக் குவியலுக்குள் நபியவர்கள் கையை நுழைத்து, உள்ளே ஈரத்தைக் கண்டு, அதை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்க வேண்டாமா என்று வியாபாரியைக் கடிந்த செய்தி நாம் அறிந்ததே. நெல் விளையும் இந்தக் கரையில் அதன் பொருளை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. விற்பனை நிறுவனங்கள் நடத்திக்காட்டும் செய்முறை விளக்கம் எப்போதும் குவியலின் காய்ந்த மேற்பரப்புத்தான். கையை உள்ளே விடுவது வாங்குபவரின் கடமை. அது கடினமும் அல்ல. திரையை அணைத்துவிட்டு, மவுஸைக் கழற்றிவிட்டு, 'இப்போது உள்நுழைந்து ஓர் ஒப்படையைச் சமர்ப்பித்துக் காட்டுங்கள்' என்று கேட்டால் போதும். ஈரம் கைக்குத் தட்டுப்படும்.

நமது பிக்ஹு இதற்கு இன்னும் நெருக்கமாக வருகிறது. விற்ற பொருளில் மறைந்த குறை இருந்தால் அதைத் திருப்பிக் கொடுக்கும் தெரிவு வாங்கியவருக்கு உண்டு. விரும்பினால் அவர் பொறுத்துக்கொள்ளவும் செய்யலாம். ஆனால் மற்றொருவருக்காக வாங்க நியமிக்கப்பட்ட வகீல் குறை தெரிந்த பொருளை வாங்கலாகாது என்பதே ஷாபிஈ மத்ஹபின் பொது விதி. பல்கலைக்கழகத்தின் பெறுகைக் குழு உரிமையாளர் அல்ல, வகீல். தனக்கு வலிக்காத குறையை மன்னித்துவிட அதற்கு அதிகாரமில்லை.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. குறை என்பது பொருளின் நோக்கத்தைப் பொறுத்தது. சின்ன எழுத்தில் அச்சான நூலைக் குறையுள்ளது என்று யாரும் திருப்பிக் கொடுப்பதில்லையே என்று கேட்கலாம். சரியான கேள்விதான். அதனால்தான் நோக்கத்தை முன்கூட்டியே எழுத வேண்டியிருக்கிறது. 'எல்லா மாணவருக்குமான முறைமை' என்று சொல்லி வாங்கிவிட்டு, சிலரால் திறக்கவே முடியாத பொருளைப் பெற்றுக்கொண்டால், அது தன் நோக்கத்திலேயே தோற்ற பொருள். விவரக்குறிப்பில் அந்த நிபந்தனை எழுதப்படவில்லை என்றால், விற்றவர் மீது பழி சொல்ல இடமில்லை. பழி எழுதாதவரையே சேரும். இதற்கான அளவுகோல் புதிதாக உருவாக்க வேண்டியதும் அல்ல. இணைய உள்ளடக்க அணுகல் வழிகாட்டலின் இரண்டாம் பதிப்பு 2008இல் வெளிவந்தது. 2023இல் அதன் 2.2ஆம் பதிப்பும் வந்துவிட்டது.

வாங்குபவரின் சொல்லுக்கு எவ்வளவு வலு உண்டு என்பதற்கு ஒரு சான்று. 2009இல் அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம் பாடநூல்களை அமேசானின் 'கிண்டில் டிஎக்ஸ்' கருவியில் வழங்கிப் பரீட்சித்தபோது, கட்புலனற்றோர் அமைப்புகள் இரண்டு வழக்குத் தொடுத்தன. அந்தக் கருவிக்கு நூலை உரக்க வாசிக்கத் தெரியும். ஆனால் வாசிப்பைத் தொடங்கும் பட்டியல் பேசாது. வீடு நிறைய விளக்கு, சுவிட்ச் மட்டும் எட்டாத உயரத்தில் என்பது போன்ற நிலை. 2010 ஜனவரியில் வழக்கு இணக்கமாக முடிந்தது. கட்புலனற்றோர் முழுமையாகப் பயன்படுத்த முடியாதவரை இக்கருவியை வாங்குவதில்லை என்று வேறு மூன்று கல்வி நிறுவனங்களும் அரசுடன் உடன்பட்டன. அதே ஆண்டு ஆகஸ்ட்டில் வந்த அடுத்த கிண்டிலில் பட்டியல் பேசியது. முடியாதது என்று எதுவும் அங்கே இருக்கவில்லை. யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

நமது நாட்டிலும் சட்டம் இல்லாமல் இல்லை. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் கல்வி நிறுவனங்களில் அனுமதி பெறுவதில் பாகுபாட்டைத் தடுக்கிறது. 2006இன் அணுகல் ஒழுங்குவிதிகள் பொதுக் கட்டடங்களின் படிக்கும் வாசலுக்கும் விதி சொல்கின்றன. 2016இல் இலங்கை ஏற்புறுதி செய்த ஐ.நா. சமவாயத்தின் 9ஆம் உறுப்புரை தகவல் தொழில்நுட்பத்தையும் சேர்த்தே பேசுகிறது. வடிவமைப்பின் ஆரம்பத்திலேயே கவனித்தால் செலவு குறையும் என்பதும் அதற்குள் இருக்கிறது. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு கட்புலனற்ற மாணவருக்கு விசேட அனுமதியும் தருகிறது. வாசலில் வரவேற்றுவிட்டு உள்ளே போகும் கதவைப் பூட்டி வைப்பது என்ன வகை வரவேற்பு?

'ஓரிருவருக்காகவா இத்தனை?' என்பார்கள். பூட்டிய கதவின் முன்னால் கூட்டம் சேர்வதில்லை. ஆட்கள் குறைவாக இருப்பதைப் பூட்டுக்கு நியாயமாகக் காட்ட முடியாது. 'நண்பன் வாசித்துக் காட்டுவான்தானே' என்பார்கள். காட்டுவான், நமது ஊர்களில் அந்த இரக்கத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் நண்பன் ஊருக்குப் போன நாளில் ஒப்படைக்கான தவணை முடிந்துவிடும். தன் பெறுபேற்றைக்கூட இன்னொருவரின் வாயிலிருந்து முதலில் கேட்க வேண்டியவனுக்கு அந்தரங்கம் என்று ஒன்றும் மிஞ்சாது. உரிமையாகத் தரவேண்டியதை உதவியாகத் தரும்போது, பெறுபவன் ஒவ்வொரு முறையும் நன்றி சொல்லக் கடன்படுகிறான்.

பணம் பற்றிய கவலையைத் தட்டிக்கழிக்க முடியாது. 2022இன் நெருக்கடியைக் கடந்து வந்த நாடு இது. தமிழும் அரபும் ஆங்கிலமும் ஒரே பக்கத்தில் கலக்கும் பாடக்குறிப்பைச் சரியாகக் கையாளும் பொருள், கேட்டவுடன் கிடைக்காமலும் போகலாம். அப்போதும் வகீலின் பொறுப்பு தீர்ந்துவிடுவதில்லை. எது குறை என்று எழுதிவைக்கலாம்; எந்தத் திகதிக்குள் திருத்துவது என்று ஒப்பந்தத்தில் சேர்க்கலாம்; கட்டட வேலையில் செய்வதுபோலக் கொடுப்பனவின் ஒரு பங்கை அதுவரை நிறுத்திவைக்கலாம்; இடைக்காலத்தில் அந்த மாணவனுக்கு மாற்றுவழி தருவது யார் என்று பெயர் குறித்துப் பொறுப்பாக்கலாம். இயலாமை மன்னிக்கத்தக்கது. கேட்காமலே இருந்துவிட்டு இயலாமை என்று சொல்வது அப்படியல்ல.

ஒலுவில் பல்கலைக்கழகம் 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1996இல் முழுப் பல்கலைக்கழகமானது. போர்ச் சூழலில் தாம் படித்த வளாகத்துக்குப் போக முடியாமல் நின்ற மாணவர்களின் நிலைமையே அதன் பிறப்புக்கு உடனடிக் காரணம். உங்கள் கல்வித் தகுதியில் குறையில்லை, போகும் பாதைதான் மூடியிருக்கிறது என்று அன்று அவர்களுக்காக வாதிட்டவர்கள் நாம்தான். அந்த வாதத்தை நமக்குச் சாதகமான இடத்தில் மட்டும் நிறுத்திக்கொள்ள முடியாது. நாம் டெண்டரைக் கேள்வி என்று அழைக்கிறோம். அடுத்த கேள்விப்பத்திரம் தயாராகும்போது, இதைக் காணாமலும் கேளாமலும் பயன்படுத்த வேண்டியவர்களுக்கு இது வேலை செய்யுமா என்ற கேள்வியும் அதில் எழுத்தில் இருக்க வேண்டும். அதற்கு ஒரு வரி போதும்.