கறுப்புப் பை கேட்ட பிள்ளை

மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் பிள்ளைகளைப் பாயில் கிடத்துவது மாங்குளத்தில் உள்ள அந்தச் சின்னப் பகல் பராமரிப்பு நிலையத்தின் வழமை. தாய்மார் வேலைக்குப் போனால் பின்னேரம்தான் திரும்புவார்கள். அன்றைக்கு நாலு வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி நித்திரையில் சலம் போய்விட்டாள். புதினமான சங்கதி இல்லை. ரீச்சர் உடுப்பை மாற்றி, நனைந்ததை அலசிப் பிழிந்து, வெள்ளைச் சொப்பின் பையில் போட்டு முடிந்து பிள்ளையின் புத்தகப் பையில் கட்டிவிட்டார். பிள்ளை அந்த முடிச்சையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மெல்லக் கேட்டாள்: "ரீச்சர், கறுப்புப் பையில போட்டுத் தாங்கோவன்."

நடந்தது அவ்வளவுதான். ரீச்சருக்கு அன்றிரவு நித்திரை வரவில்லை.

வெள்ளைப் பை உள்ளே இருப்பதைக் காட்டிவிடும், கறுப்புப் பை காட்டாது என்பது நாலு வயதுக்கு எப்படித் தெரிந்தது? அம்மாவுக்குக் கடைக்காரர் சானிட்டரி நப்கினைக் கடதாசியில் சுற்றிக் கறுப்புப் பையில் போட்டுக் கொடுத்ததைக் கண்டிருக்கலாம். மாமா ஒருவர் சாராயப் போத்தலைக் கறுப்புப் பையில் கொண்டுவந்ததைக் கண்டிருக்கலாம். ஒருவரும் சொல்லிக்கொடுக்காமலே, மற்றவர் கண்ணில் படக்கூடாதவை எந்த நிறப் பைக்குள் போகும் என்பதைப் பிள்ளை விளங்கிக்கொண்டுவிட்டாள். தன்னுடைய காற்சட்டையும் அந்த வகையில் சேர்ந்தது என்று எப்போது முடிவுசெய்தாள் என்பதுதான் ரீச்சரை அரித்தது. அவர் ஒருநாளும் அவளை ஏசியதில்லை. முகம் சுளித்ததாகவும் நினைவில்லை.

மருத்துவம் இந்த விடயத்தைப் பெரிதுபடுத்துவதில்லை. 5 வயதுக்கு முன் நித்திரையில் நனைப்பதை நோயாகவே கணக்கெடுப்பதில்லை. 5 வயதிலும் 100 பிள்ளைகளில் ஏறத்தாழ 15 பேர் நனைக்கிறார்கள். சலப்பை எவ்வளவு கொள்ளும் என்பதற்கு வைத்தியர்களிடம் ஒரு கைக்கணக்கு உண்டு: வயதோடு ஒன்றைக் கூட்டி 30ஆல் பெருக்க வேண்டும். நாலு வயதுக்கு 150 மில்லிலீற்றர் வரும். ஒரு தேத்தண்ணிக் கோப்பை அளவு. இரவில் சலம் குறைவாக ஊறும்படி மூளை வாசோபிரசின் என்ற ஓமோனைக் கூடுதலாகச் சுரக்க வேண்டும். சலப்பை நிறைந்த செய்தி ஆழ்ந்த நித்திரையையும் கலைத்து எழுப்ப வேண்டும். இவையெல்லாம் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொரு காலத்தில் முற்றுகின்றன. பிள்ளையின் பிடிவாதத்துக்கோ சோம்பலுக்கோ இதில் எந்தப் பங்கும் இல்லை.

இதெல்லாம் ரீச்சருக்கு ஓரளவு தெரியும். தெரிந்தும் மனம் அடங்கவில்லை, நினைவு செட்டிகுளத்துக்குப் போய்விட்டது.

2009. போர் முடிந்து ஏறத்தாழ மூன்று லட்சம் சனம் முகாம்களுக்குள் இருந்த காலம். ரீச்சர் அப்போது சிறுமி, தம்பிக்கு எட்டு வயது. பாயை நனைப்பதை எப்போதோ விட்டவன், முகாமுக்கு வந்த பிறகு ஒவ்வொரு விடியலும் நனைந்தபடி எழும்பினான். ஆறு மாதமாவது நனைக்காமல் இருந்த பிள்ளை திரும்பத் தொடங்கினால் வைத்தியர்கள் அதை வேறு வகையாகப் பார்ப்பார்கள். பயம், இழப்பு, இடம்பெயர்வு எல்லாவற்றையும் விசாரிப்பார்கள். தறப்பாள் கூடாரத்துக்குள் அதையெல்லாம் யார் விசாரிப்பது? அம்மா ஒரு வழி கண்டுபிடித்தார். விடிய முதல் எழும்பி, குடிக்க வைத்திருந்த போத்தல் தண்ணீரில் கொஞ்சத்தைத் தம்பியின் பாயில் ஊற்றுவார். பிறகு பக்கத்துக் கூடாரத்துக்குக் கேட்கும்படி, "ஐயோ, தண்ணிப் போத்தல் ஊத்துண்டு போச்சு" என்பார். வரிசையில் கால்கடுக்க நின்று பிடித்த தண்ணீர் அது.

தம்பி இப்போது கட்டாரில் வேலை செய்கிறான். அந்தப் போத்தலைப் பற்றி அக்காவும் தம்பியும் இன்றுவரை பேசியதில்லை. அம்மா அன்று செய்தது மகனைக் காப்பாற்றியதா, அல்லது இது ஊருக்குத் தெரியக்கூடாத கேவலம் என்று அவனுக்கு ஒவ்வொரு விடியலும் சொல்லிக்கொடுத்ததா? அம்மாவின் தண்ணீரும் ஒரு கறுப்புப் பைதான் என்று ரீச்சருக்கு இப்போது படுகிறது. ஆனால் அம்மாவைக் குறைசொல்ல அவருக்கு மனம் வரவில்லை. இதை எழுதுகிறவருக்கும் வரவில்லை.

இடம்பெயர்ந்த பிள்ளைகள் பாயை நனைப்பது வன்னியில் மட்டும் கண்ட காட்சி அல்ல. 1939 செப்டெம்பரில், குண்டுவீச்சுக்குப் பயந்து பிரித்தானிய நகரங்களிலிருந்து ஏறத்தாழ 15 லட்சம் பேர், பெரும்பாலும் பிள்ளைகளும் தாய்மாரும், சில நாட்களுக்குள் கிராமங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். இடம்கொடுத்த வீட்டுக்காரர்கள் அடுக்கிய முறைப்பாடுகளில் ஈரப் படுக்கை முக்கியமானது. வளர்ப்பு சரியில்லை, சேரிப் பிள்ளைகள் இப்படித்தான் என்றெல்லாம் பேசினார்கள். கடைசியில் அப்படிப்பட்ட பிள்ளைகளின் படுக்கை துவைக்கும் செலவுக்கு அரசு மேலதிகப் பணம் கொடுக்க வேண்டிவந்தது.

ரீச்சர் எப்போதோ ஒரு நூலகத்தில் வாசித்த கதையொன்றும் அரைகுறையாக நினைவுக்கு வந்தது: விடுதியில் படுக்கையை நனைத்ததற்காக அடிவாங்கிய ஒரு வெள்ளைக்காரப் பெடியன். அது கதை அல்ல. பீகாரில் பிறந்து, எட்டு வயதில் இங்கிலாந்தின் விடுதிப் பாடசாலையொன்றில் விடப்பட்ட எழுத்தாளர் ஜோர்ஜ் ஓர்வெல் தன்னைப் பற்றியே எழுதியது. அவர் இறந்த பிறகு 1952இல்தான் அச்சானது. நனைக்கக்கூடாது என்று ஒவ்வொரு இரவும் கடவுளை வேண்டியும் நனைத்தார், அடி வாங்கினார். அதில் ஒரு சங்கடமான உண்மையையும் அவர் மறைக்கவில்லை: அடிக்குப் பிறகு நனைப்பது நின்றுதான் போனது. ஆனால் தான் விரும்பாமல், தனக்குத் தெரியாமலே நடந்துவிடுவதும் பாவம்தான் என்ற எண்ணம் அந்த வயதிலேயே அவருக்குள் இறங்கிவிட்டது. "சூடு வைப்பன்" என்று வெருட்டிப் பிள்ளையைத் திருத்தியதாகச் சொல்கிறவர்கள் நம் ஊரிலும் இருக்கிறார்கள். திருந்தியிருக்கலாம். கூடவே பிள்ளைக்குள் எது இறங்கியது என்று அவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள்.

கறுப்புப் பை கேட்ட பிள்ளையை ஏற்றிப்போக ஒருநாள் தகப்பன் மோட்டார் சைக்கிளில் வந்தார். பின்னால் அப்பம்மா. விடயத்தை எப்படித் தொடங்குவது என்று ரீச்சர் தயங்க, அப்பம்மாவே உரத்துச் சொன்னார்: "இவள் தேப்பன்ர பிள்ளை, ரீச்சர். இவன் பத்து வயசு மட்டும் பாயை நனைச்சவன்." தகப்பன் தலையைக் குனிந்தார். பிள்ளை நிமிர்ந்து தகப்பனைப் பார்த்தாள்.

அப்பம்மா சொன்னதில் நிறைய உண்மை இருக்கிறது. தாய் தகப்பன் இருவரும் சிறுவயதில் நனைத்தவர்கள் என்றால் பிள்ளையும் நனைக்க 77 சதவீத வாய்ப்பு. ஒருவர் என்றால் 44. இருவரும் இல்லையென்றால் 15. இதில் 13ஆம் நிறமூர்த்தத்துக்குத் தொடர்பு இருப்பதை 1995இல் டென்மார்க் ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

ரீச்சர் சில காரியங்களை மாற்றிவிட்டார். படுக்க முதல் ஒண்டுக்குப் போகும் வரிசையில் எல்லாப் பிள்ளைகளும் நிற்கிறார்கள், அவள் மட்டும் தனியாக இல்லை. பாய்க்குக் கீழே தறப்பாள் துண்டு விரித்திருக்கிறது. வன்னி வெயிலில் பிள்ளைக்குத் தண்ணீர் மறுக்கக்கூடாது. காலையில் தாராளமாகக் கொடுத்து, படுக்கும் நேரத்தில் மட்டும் குறைக்கிறார். மத்தியானப் பிளேன்ரீயை நிறுத்தச் சொல்லிவிட்டார், அது சலத்தைக் கூட்டும். பிள்ளை ஒழுங்காக வெளிக்குப் போவதில்லை என்று அப்பம்மா சொன்னது பெரிய உதவி. மலம் கட்டினால் குடல் சலப்பையை நெருக்கும், ஆகவே பப்பாசிப்பழமும் கீரையும். நனையாமல் எழும்பினால் பரிசு என்ற பேச்சே இல்லை, ஏனென்றால் அது பிள்ளையின் கையில் இல்லை. பரிசு கிடைக்காதது நனைத்த பிள்ளைக்குத் தண்டனையாகிவிடும். 5 வயது தாண்டியும் தொடர்ந்தால், பகலில் விழித்திருக்கும்போதும் நனைந்தால், சலம் போகும்போது எரிந்தால், அளவுக்கு மிஞ்சித் தாகம் எடுத்து உடம்பு மெலிந்தால் வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

பை மட்டும் தீரவில்லை. எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரேமாதிரிச் சீத்தைத் துணிப்பை தைத்துக் கொடுத்திருக்கிறார். சாயம் பட்ட சட்டை, கறி சிந்திய சட்டை, நனைந்த காற்சட்டை எல்லாம் அதற்குள்தான் போகின்றன. ஆனால் அதுவும் பூப்போட்ட ஒரு கறுப்புப் பைதானோ என்று அவருக்குச் சந்தேகம். மறைத்துக் கொடுத்தால் பிழை செய்தாய் என்று சொன்னதாகுமா? மறைக்காமல் விட்டால் தன் மானத்தைக் காக்கச் சொல்லி ஒரு பிள்ளை கேட்டதைத் தட்டியதாகாதா? கேட்கிற பிள்ளைக்குக் கொடுக்கலாம், கேட்காத பிள்ளைக்கு நாமாக நீட்டக்கூடாது என்பதுவரை ரீச்சர் வந்திருக்கிறார். அது சரியா என்று அவருக்கும் தெரியவில்லை, இதை எழுதுகிறவருக்கும் தெரியவில்லை. உங்கள் வீட்டில் பாயை நனைக்கும் பிள்ளை இருந்தால், அந்த வயதில் வீட்டில் வேறு யார் யார் நனைத்தார்கள் என்பதை அவர்கள் வாயாலேயே பிள்ளைக்குச் சொல்லச் சொல்லுங்கள்.