ஜும்ஆ உரை: குறையுள்ள பொருளும் கோபமுள்ள நாக்கும்

எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் எம்பெருமானார் முஹம்மது ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

கண்ணியத்திற்குரிய ஜமாஅத்தார்களே! மிம்பரில் நின்று சொந்தக் கதை பேசுவது எனக்குப் பழக்கமில்லை. ஆனால் இன்றைய விஷயம் என் வீட்டில் நடந்தது. அதில் என் தவறும் இருக்கிறது. அதனால் சொல்லித்தான் ஆக வேண்டும்.

மகள் கல்லூரியில் சேர்ந்தாள். லேப்டாப் வேண்டும் என்றார்கள். சீட்டு எடுத்து, 38,000 ரூபாய் கட்டி ஆன்லைனில் வாங்கினேன். ஓர் இமாமுக்கு அது எவ்வளவு பெரிய தொகை என்று உங்களுக்கே தெரியும். சம்பளம் கொடுப்பவர்கள் நீங்கள்தானே! ஒன்பதாம் நாள் ஸ்கிரீன் கறுத்துப் போனது. திருப்பிக் கொடுக்கும் கெடு ஏழு நாளோடு முடிந்துவிட்டது. இனி வாரண்டிதான் என்றார்கள். சாட்டில் எழுதினால் இயந்திரம் பதில் சொல்கிறது. டெக்னீஷியன் வருவார் என்று ஒரு நாள் குறித்தார்கள். அன்று லுஹருக்கு முஅத்தினாரை இமாமத் செய்யச் சொல்லிவிட்டு வீட்டிலேயே காத்திருந்தேன். யாரும் வரவில்லை. மாலையில் மெசேஜ் வருகிறது: எங்கள் ஊழியர் வந்தார், வீட்டில் ஆள் இல்லை, புகார் முடிக்கப்பட்டது!

ஏழாவது தடவை போன் செய்தபோது ஒரு பெண் எடுத்தாள். சின்னப் பெண்ணின் குரல். நான் கத்திவிட்டேன். "உனக்கெல்லாம் யாரும்மா வேலை கொடுத்தது?" என்று கேட்டுவிட்டேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு, "மன்னிச்சிடுங்க சார், கம்ப்ளைண்ட் எழுத மட்டும்தான் எனக்கு அனுமதி இருக்கு" என்றாள். பக்கத்தில் நின்ற என் மகள் கேட்டாள்: "அத்தா, அந்த அக்கா என்ன செய்வாங்க?"

அன்பானவர்களே! உரிமையுள்ளவன் கேட்கலாம். கொஞ்சம் கடுமையாகவும் கேட்கலாம். புகாரீயில் வரும் செய்தி உங்களுக்குத் தெரியும். பெருமானார் (ஸல்) அவர்களிடம் ஒருவர் தனக்கு வரவேண்டிய ஒட்டகத்தைக் கேட்டு வந்தார், முரட்டுத்தனமாகப் பேசினார். தோழர்கள் கொதித்தார்கள். நபியவர்களோ, அவரை விடுங்கள், உரிமை உள்ளவருக்குப் பேசும் இடமுண்டு என்ற கருத்தில் சொல்லித் தடுத்தார்கள். அவருக்கு வரவேண்டியதைவிட நல்ல ஒட்டகம்தான் கிடைத்தது. அதையே கொடுக்கச் சொன்னார்கள். வாடிக்கையாளரை எப்படி நடத்த வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு பாடம் வேண்டாம்.

ஆனால் நான் இந்த ஹதீஸை எனக்குச் சாதகமாக வைத்துக்கொள்ள முடியாது. அந்த மனிதர் யாரிடம் கேட்டார்? கடன்பட்டவரிடமே கேட்டார். அந்தப் பெண் எனக்கு என்ன கடன்பட்டிருந்தாள்? என் பணம் கம்பெனியிடம் இருக்கிறது. அவளிடம் இருப்பது ஒரு ஹெட்செட்டும் மாதச் சம்பளமும்தான். நம் முஹல்லாவிலேயே எத்தனை பிள்ளைகள் சென்னையிலும் கோவையிலும் இரவு ஷிப்டில் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள்!

சரி, அதற்காகக் கம்பெனியை விட்டுவிடுவதா? இல்லை. மதீனாவின் கடைவீதியில் தானியக் குவியலுக்குள் நபியவர்கள் கையை விட்டார்கள். விரல்களில் ஈரம் தட்டியது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று எச்சரித்தார்கள். முஸ்லிமில் உள்ள செய்தி. கவனியுங்கள், தானியத்தை அவர் நனைக்கவில்லை, மழை நனைத்தது. மறைத்ததுதான் குற்றம். ஆன்லைனில் நாம் பார்க்கும் போட்டோ குவியலின் மேல்பகுதி. கையை உள்ளே விட்டுப் பார்க்க நமக்கு வழியில்லை.

இதற்காகத்தான் ஃபிக்ஹில் 'கியாருல் ஐப்' என்று ஒரு பாடமே இருக்கிறது. விற்பவர் கையில் இருந்தபோதே இருந்த குறை, வாங்கிய பிறகு தெரியவந்தால், பொருளைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தைப் பெறும் உரிமை வாங்கியவருக்கு உண்டு. ஹனஃபி மத்ஹபில் பார்க்காமல் வாங்கிய பொருளைப் பார்த்தபின் வேண்டாம் எனச் சொல்லும் 'கியாருர் ருஃயா'வும் உண்டு. தலையில் அடிபட்டதால் வியாபாரத்தில் ஏமாந்துகொண்டே இருந்த ஒரு ஸஹாபிக்கு, "ஏமாற்றுதல் கூடாது" என்று சொல்லி வாங்கும்படி நபியவர்கள் கற்றுக்கொடுத்தார்கள். மூன்று நாள் அவகாசமும் சில அறிவிப்புகளில் வருகிறது. ஏமாறுகிறவன் முட்டாள், அனுபவிக்கட்டும் என்று மார்க்கம் விட்டுவிடவில்லை.

நாட்டின் சட்டமும் வழி வைத்திருக்கிறது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் 2020-இன் மின்வணிக விதிகளும் இருக்கின்றன. ஆன்லைன் கம்பெனிகள் குறைதீர் அதிகாரி ஒருவரை வைக்க வேண்டும். அவர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்க விற்பனையாளர் மறுக்கக் கூடாது. 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையம் இருக்கிறது. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமே கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். கத்துவதற்கு நான் செலவழித்த நேரத்தில் பாதி போதும், இந்த மனுவை எழுதியிருக்கலாம்.

இனிதான் நான் சொல்ல வெட்கப்படுகிற இடம். நண்பர் ஒருவர் ஆலோசனை சொன்னார்: "ஹள்ரத், எதுக்கு அலையுறீங்க? அது எப்போதாவதுதானே கறுக்குது. நல்லா இருக்கும்போது போட்டோ எடுத்துப் போட்டா, பழைய பொருள் வாங்குற ஆப்பில் 30,000-க்குப் போயிடும்." அல்லாஹ் மன்னிக்கட்டும், நான் போட்டோ எடுத்தேன். விவரமும் எழுதிவிட்டேன். பட்டனை அழுத்தும் முன் அந்தத் தானியக் குவியல் நினைவுக்கு வந்தது. இருபது வருடமாக மாணவர்களுக்கு ஓதிக்கொடுக்கிற ஹதீஸ்! வேடிக்கை என்னவென்றால், குறை தெரிந்த பின் ஒரு பொருளை விற்பனைக்கு வைத்தால், குறையைப் பொருந்திக்கொண்டதாக ஆகி, திருப்பிக் கொடுக்கும் உரிமையே போய்விடும் என்று ஹனஃபி ஃபுகஹாக்கள் எழுதியிருக்கிறார்கள். அதையும் நானே பாடம் நடத்தியிருக்கிறேன்.

இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் துணி வியாபாரி. கூட்டாளியிடம் ஒரு துணியைக் கொடுத்து, குறையைச் சொல்லி விற்கச் சொன்னார்கள். அவர் மறந்துவிட்டார், வாங்கியவர் யாரென்றும் தெரியவில்லை. அந்த விற்பனைப் பணம் முழுவதையும் இமாமவர்கள் ஸதகா செய்துவிட்டார்கள். மறதிக்கே அப்படி! நான் மறக்கவில்லை, மறைக்கப் பார்த்தேன்.

வியாபாரம் செய்யும் சகோதரர்களே, உங்களையும் கேட்கிறேன். காப்பி டிஸ்ப்ளேயைப் போட்டுவிட்டு 'ஒரிஜினல்' என்று பில் போடுகிறோமா இல்லையா? 'விற்ற பொருள் வாபஸ் இல்லை' என்ற போர்டு நம் பள்ளிவாசல் வணிக வளாகத்திலேயே தொங்குகிறது. வாங்கியவர் வருந்தித் திருப்பித் தரும்போது மனமுவந்து ஏற்றுக்கொள்பவரின் சறுக்கலை அல்லாஹ் மன்னிப்பான் என்று அபூதாவூதில் வருகிறது. வாங்குபவர்களும் சும்மா இல்லை. நிகாஹுக்குப் போட்டுக்கொண்டு போன சட்டையை மறுநாள் 'சைஸ் சரியில்லை' என்று ரிட்டர்ன் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அதுவும் மறைத்த ஈரம்தான்.

லேப்டாப் இன்னும் என் வீட்டு அலமாரியில்தான் இருக்கிறது. குறைதீர் அதிகாரிக்கு எழுதிவிட்டேன். அது இன்ஷா அல்லாஹ் முடிந்துவிடும். முடியாதது வேறொன்று. அடியானின் ஹக்கு, அவரே மன்னித்தால்தான் தீரும். அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்க அதே எண்ணுக்கு மூன்று தடவை போன் செய்தேன். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு ஆள் எடுக்கிறார்கள். அவள் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. அவளுக்காக துஆ செய்கிறேன். நீங்களும் ஆமீன் சொல்லுங்கள்.

இதுபோன்ற புகார் யாருக்காவது இருந்தால், பில்லும் போட்டோவும் எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை அஸருக்குப் பின் மதரஸா அறைக்கு வாருங்கள். நம் ஜமாஅத்தின் வக்கீல் தம்பி ஒருவர் மனு எழுத உதவி செய்கிறார். கட்டணம் இல்லை.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.