60 அடிக்குள்

நல்லவன் ஒருவன் கெட்டவர்களோடு சேர்ந்தால் அவன் என்ன ஆகிறான் என்பது பழைய கேள்வி. அவன் வந்து சேர்ந்ததால் கெட்டவர்கள் என்ன ஆகிறார்கள் என்று அதிகம் பேர் கேட்பதில்லை. இந்த இரண்டாவது கேள்வி எனக்கு ஓர் ஆட்டத்தின் விதிப் புத்தகத்திலிருந்து கிடைத்தது. ஆட்டம் என்றதும் முகம் சுளிக்கிறவர்கள் அடுத்த கவிதைக்குப் போய்விடலாம்.

1974ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெஸன் இருவரும் உருவாக்கிய 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' வெளியாயிற்று. மேஜையைச் சுற்றி நாலைந்து பேர். ஒருவர் உலகத்தைச் சொல்கிறார்: கோட்டை, சுரங்கம், காவலாளி, மழை. மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, தாங்கள் செய்வதை வாயால் சொல்கிறார்கள். நிச்சயமில்லாததைப் பகடை தீர்மானிக்கிறது. மேடையும் இல்லை, பார்வையாளரும் இல்லை. பாத்திரத்துக்கு ஒரு தாள். பலம், புத்தி இவற்றுக்கு எண்கள். கூடவே அறச்சார்பு என்று ஒரு வரி. முதலில் ஒழுங்கு, நடுநிலை, குலைவு என்று மூன்றே சார்புகள். போல் ஆண்டர்சன், மைக்கேல் மூர்காக் கதைகளின் வழி வந்தவை. பிறகு நன்மை, தீமை என்ற இன்னொரு அச்சும் சேர்ந்து, 1978ல் வந்த ஆட்டக்காரர் கையேட்டில் ஒன்பதாயின. மனிதனை ஒன்பது கட்டங்களில் அடைக்க முடியுமா என்ற ஆட்சேபம் சுலபமானது. அதை விட்டுவிடுகிறேன்.

அந்தக் கையேட்டில் 'பாலடின்' என்று ஒரு புனித வீரன். ஒழுங்கும் நன்மையும் கூடிய சார்பு மட்டுமே அவனுக்கு உண்டு. தெரிந்தே, விரும்பியே ஒரு தீமை செய்தால் அந்த நிலையை நிரந்தரமாக இழப்பான். இது எதிர்பார்க்கக்கூடியது. அடுத்த விதிதான் விசேஷம்: அவன் நல்லவர்களோடு மட்டுமே சேர்ந்து திரியலாம். தீமையில்லாத நடுநிலைக்காரர்கள் உள்ள குழுவோடு ஒரே ஒரு பயணம் போகலாம், அதுவும் நல்ல காரியத்துக்கு என்றால். அதே கையேட்டில் கூலிக்கொலையாளியும் ஒரு பாத்திர வகை. அவன் தீயவனாகவே இருக்க வேண்டும் என்பது விதி. இருவரையும் ஒரே மேஜைக்குக் கொடுத்துவிட்டு, சேராதே என்கிறது புத்தகம்.

செயலைத் தடுப்பது புரிகிறது. சேர்க்கையை ஏன் தடுக்க வேண்டும்? தீட்டுப் போல ஒன்று என்றுதான் முதலில் தோன்றும். ஆட்டத்தைக் கொஞ்சம் பின்தொடர்ந்து பார்த்தால் வேறொன்று தெரிகிறது. ஒரு கொலையாளி, ஒரு திருடன், பிணங்களை எழுப்பி ஏவுகிற ஒரு மந்திரவாதி ஊர் வாசலுக்கு வருகிறார்கள். காவலாளி ஈட்டியைக் குறுக்கே நீட்டுவான். அவர்களோடு பாலடினும் வந்தால் அவன் முகத்தைப் பார்த்துக் கதவைத் திறந்துவிடுவான். பாலடின் பொய் எதுவும் சொல்லவில்லை. நாளுக்கு ஒரு முறை கைவைத்துக் காயம் ஆற்றும் சக்தி அவனுக்கு உண்டு. கொலையாளியின் காயத்தை ஆற்றுகிறான். ஆறிய கையோடு கொலையாளி இரவில் வெளியே போகிறான். பாலடினின் செயல்களைத் தனித்தனியாக எடுத்துப் பார்த்தால் ஒன்றில்கூடக் களங்கம் இல்லை. வங்கியில் வேலை பார்க்கிறவனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கடன் வாங்குபவரின் யோக்கியதை சந்தேகமாக இருக்கும்போதுதான் நல்ல ஜாமீன்தாரராகப் பார்த்துக் கேட்கிறோம். ஜாமீன்தாரர் எவ்வளவு நல்லவரோ அவ்வளவு கடன்.

கும்பகர்ணனை இங்கே இழுக்க வேண்டாம். அவன் அந்தக் கூட்டத்தில் பிறந்தவன். நான் பேசுவது வந்து சேர்ந்தவனைப் பற்றி.

இந்த ஆட்டக்காரர்களிடையே பழகிப்போன ஒரு வேடிக்கை உண்டு. குழு ஒருவனைப் பிடித்துவிடும். அவனிடமிருந்து ரகசியம் வேண்டும். யாராவது பாலடினிடம், "நீ கொஞ்சம் வெளியே போய்க் குதிரைகளைப் பார்த்துவிட்டு வாயேன்" என்பார்கள். மேஜை சிரிக்கும். பாலடினும் சிரித்துக்கொண்டே போவான். விதியில் 'தெரிந்தே' என்றுதானே இருக்கிறது. திரும்பி வரும்போது கைதி இருக்கமாட்டான், இவனும் கேட்கமாட்டான். இத்தனைக்கும் 60 அடிக்குள் இருக்கிற தீமையை அறியும் சக்தியை அதே 1978 கையேடு அவனுக்குக் கொடுத்திருக்கிறது. எத்தனை முறை வேண்டுமானாலும் உபயோகிக்கலாம். ஒரே நிபந்தனை, அவன் மனதை ஒருமுகப்படுத்திப் பார்க்க வேண்டும். தானாகத் தெரியாது. இந்த நிபந்தனையை எழுதியவர் ஆட்டத்தின் சமநிலைக்காகத்தான் எழுதியிருப்பார். எனக்கோ முழுப் புத்தகத்திலும் மனிதனைப் பற்றி இவ்வளவு துல்லியமான வாக்கியம் வேறில்லை என்று படுகிறது. குதிரைகளைப் பார்க்கப் போகிறவனின் அறியாமை பிரக்ஞைபூர்வமாகச் சம்பாதித்த அறியாமை.

உள்ளே இருந்தால் ஒரு கைதியையாவது காப்பாற்றலாமே என்பார்கள். சில சமயம் உண்மை. "இவன் என்னோடு வருகிறான்" என்று பாலடின் கைதியின் முன்னால் போய் நின்றால் ஆட்டம் அந்த இடத்திலேயே திசை மாறிவிடும். ரகசியம் கிடைக்காமல் போகலாம், புதையல் தவறலாம். அவனால் குழுவுக்கு இப்படி ஏதாவது நஷ்டம் நேர்கிறதா என்றுதான் நான் பார்ப்பேன். லாபம் மட்டுமே என்றால் அவன் அங்கே இருப்பதற்குச் சொல்லும் காரணங்களை நான் நம்பத் தயாரில்லை.

ஆனால் அவன் போகாததற்கு நிஜமான காரணம் பாத்திரத்துக்குள் இல்லை, நாற்காலியில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து சிநேகிதர்கள் கூடியிருக்கிறார்கள். எழுந்து போனால் எல்லோருடைய பொழுதும் பாழ். பிரியக்கூடாது என்ற எழுதாத விதி எழுதிய விதிகளை எல்லாம் விழுங்கிவிடுகிறது. அதிலும் ஒரு பாரபட்சம். கொலையாளியாக ஆடுகிறவர் "என் பாத்திரம் அப்படித்தான் செய்யும்" என்றால் அது பாத்திரத்துக்கு விசுவாசம். பாலடினாக ஆடுகிறவர் அதே வாக்கியத்தைச் சொன்னால் "ஆட்டத்தைக் கெடுக்காதே" என்கிறார்கள். தீமை செய்கிறவனிடம் யாரும் விட்டுக்கொடுக்கச் சொல்வதில்லை. நல்லவன்தானே, இவன் அனுசரித்துப் போவான் என்ற கணக்கு.

2000ல் வந்த மூன்றாம் பதிப்பிலும் தீயவர்களோடு தெரிந்தே சேரக்கூடாது என்ற விதி இருந்தது. 2014ன் ஐந்தாம் பதிப்பில் அது இல்லை. பாலடின் ஓர் உறுதிமொழி எடுத்துக்கொண்டால் போதும், எந்தச் சார்பும் இருக்கலாம். மேஜைச் சண்டைகளைக் கண்டு சலித்தவர்களுக்கு இது நிம்மதி. அதைக் குறை சொல்லமாட்டேன். முன்பெல்லாம் அவனுக்காகப் புத்தகம் மறுத்துவிடும். "விதி அப்படி, நான் என்ன செய்ய" என்று அவனும் தப்பித்துக்கொள்ளலாம். இப்போது மறுப்பதானால் அவனே வாய் திறந்து மறுக்க வேண்டும், அந்த நால்வரின் முகத்தையும் பார்த்துக்கொண்டு.