அறியாதிருக்கும் உரிமை

மனிதன் தன்னைப் பற்றி அறியக்கூடியதையெல்லாம் அறிந்தே தீரவேண்டுமா, சிலவற்றை அறியாமல் விட்டுவைப்பதற்கும் தர்மத்தில் இடமுண்டா என்ற கேள்வி, ஆத்ம விசாரணை செய்த முன்னோர் நினைத்தும் பாராத ஒரு கோலத்தில், இன்று இரத்தப் பரிசோதனைச் சாலையிலே எழுந்திருக்கிறது. மரபணுக்களைப் படித்து அவரவர்க்கேற்ற சிகிச்சையை வகுக்கலாம் என்று வைத்திய சாஸ்திரம் நம்பிக்கை ஊட்டும் இந்நாளில், அக்கேள்விக்கு விசித்திரமான விடையொன்றைக் கண்டவர்கள் நியூயார்க் நகரத்துப் புரூக்ளின் பகுதியில் வாழும் வைதிக யூதர்கள்.

டே-சாக்ஸ் என்ற நோயுடன் பிறக்கும் குழந்தை, முதல் சில மாதங்கள் மற்றக் குழந்தைகளைப் போலவே முகம் பார்த்துச் சிரிக்கும்; பிறகு புரளக் கற்றதை மறக்கும், நின்ற கழுத்து தளரும், பார்வை போகும், பெரும்பாலும் ஐந்து வயதுக்குள் உயிரும் போய்விடும். கிழக்கு ஐரோப்பிய வழிவந்த யூதரில் ஏறக்குறைய 30 பேரில் ஒருவர் இந்நோயின் மரபணுவைச் சுமக்கிறார். சுமப்பவருக்கு யாதொரு குறையும் இல்லை. அத்தகைய இருவர் மணந்தால்தான் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நாலில் ஒரு பங்கு அபாயம். இந்நோய்க்குத் தம் மக்கள் நால்வரைப் பறிகொடுத்த ஜோசப் எக்ஸ்டைன் என்னும் ரப்பி, கருக்கலைப்பைத் தம் சமயம் எளிதில் அனுமதியாதாகையால், விவாகத்துக்கு முன்பே இதைத் தடுக்கக் கருதி 1983-இல் ‘டோர் யெஷோரிம்’ என்ற ஸ்தாபனத்தைத் தொடங்கினார். பள்ளிப் பருவத்திலேயே இரத்தத்தை எடுத்துக்கொண்டு கையில் ஓர் எண்ணைக் கொடுத்துவிடுவார்கள்; சம்பந்தம் பேசும்போது இருவர் எண்களையும் சொன்னால், பொருந்தும் அல்லது பொருந்தாது என்பதே விடை. தனியாகச் சென்று ‘நான் சுமப்பவனா?’ என்று கேட்பவனுக்குப் பதில் கிடையாது.

ஒருவனுடைய உடம்பின் இரகசியத்தை அவனிடமிருந்தே மறைப்பது அக்கிரமம் என்பார் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு பெண் சுமப்பவள் என்று வெளிப்பட்டால் அவள் தங்கைமாருக்கும் வரன் தட்டிப்போகும் சமூகத்தில், தனித்திருப்பவருக்கு எவ்விதத்திலும் பயன்படாத அறிவு வெறும் அவச்சொல்லாகவே முடியும். குறை தனியொருவரிடத்தில் இல்லாமல் இருவர் கூடுமிடத்தில் இருப்பதால், அதைப் பற்றிய ஞானமும் அங்கே பிறந்தால் போதும். மேலும், மரபணுவின் இரட்டைச் சுருள் வடிவத்தைக் கண்டவருள் ஒருவரான ஜேம்ஸ் வாட்சனே, 2007-இல் தம் மரபணுத் தொகுதியை உலகறிய வெளியிட்டபோது, தம் பாட்டியைப் பீடித்த அல்ஸைமர் நோய்க்குரிய ஒரு பகுதியை மட்டும் தாமும் அறிய விரும்பாமல் விலக்கச் சொன்னாரே!

ஆயினும் இந்த நியாயம் எல்லா நோய்க்கும் செல்லாது. அதே வழிவந்த யூதரில் ஏறக்குறைய 40 பேரில் ஒருவரிடம், மார்பிலும் சூலகத்திலும் புற்றுநோய்க்கு இடமளிக்கும் பி.ஆர்.சி.ஏ. மரபணு மாறுபாடு உண்டு. அதை அறிந்தவள் காலாகாலத்தில் சோதித்து, வேண்டுமானால் சத்திர சிகிச்சையும் செய்துகொண்டு பிழைக்கலாமாதலால், இங்கே மௌனம் காப்பது கருணையாகாது. ஆனால் தாய்வழிப் பாட்டியிடம் அது இருந்ததென்று தெரிந்தும் தாய் தன் நிலையை அறிய விரும்பாதிருக்க, மகள் சோதித்துக்கொண்டு ‘உண்டு’ என்று விடை பெறுவாளாயின், தாய் கேளாத கேள்விக்கும் அதுவே விடையாகிவிடுகிறது. மகளுக்கு அந்த அறிவு வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. சிகிச்சைக்குப் புறப்படும் காரணத்தை அவள் தாயிடம் எப்படி மறைப்பாள் என்பதற்குத்தான், பெயரை மறைத்து எண் கொடுத்த ஏற்பாட்டில் வழியொன்றும் இல்லை.