அவையில் இல்லாதவர்

ஒரு மனிதரைப் பற்றி, அவர் இல்லாத இடத்தில் நான்கு பேர் பேசிச் சிரிக்கிறார்கள். சிரித்தவர்களுக்கு அவர்மேல் பகை ஏதும் இல்லை. செய்தி அவர் காதுக்கு எட்டவும் இல்லை; ஆகவே அவர் மனம் நோகவும் இல்லை. இதில் தவறு ஏதேனும் நிகழ்ந்திருக்கிறதா? நிகழ்ந்திருக்கிறதென்றால் யாருக்கு இழைக்கப்பட்டது? புறம் பேசுதல் தீது என்று சிறு வயதிலேயே நமக்குக் கற்பித்துவிட்டார்கள். ஆனால் புறத்தை நகைச்சுவையாகப் பேசினால், அதிலும் பேசுபவர் அதையே தொழிலாகக் கொண்டவராக இருந்தால், நமது தீர்ப்பு சற்றே தடுமாறத்தான் செய்கிறது.

இந்தக் கேள்வி எனக்குள் எழுந்தது ஒரு காருக்குள்ளே. மூன்று ஆண்டுகளுக்கு முன், அமெரிக்காவில் சிகாகோவின் புறநகர் ஒன்றில் குடியிருக்கும் என் மகனிடம் நான்கு மாதங்கள் தங்கியிருந்தேன். காலையில் அவன் வேலைக்குப் புறப்படும்போது நானும் ஏறிக்கொள்வேன். அவனுடைய அலுவலகத்துக்கு அருகில் ஒரு பொது நூலகம் உண்டு; என்னை அங்கே இறக்கிவிட்டு, மாலையில் திரும்ப ஏற்றிக்கொள்வான். போகும் வழி முக்கால் மணி நேரம். அந்த முக்கால் மணி நேரமும் காரின் வானொலி ஓயாது பேசிக்கொண்டிருக்கும். பேசுவதைக் காட்டிலும் அதிகமாகச் சிரித்துக்கொண்டிருக்கும்.

அந்நாட்டுக் காலை வானொலியைக் கேட்டறியாதவர்களுக்கு அதைச் சற்று விளக்க வேண்டும். இரண்டு அல்லது மூன்று பேர் ஒரு கூடத்தில் அமர்ந்திருப்பார்கள். செய்தி வாசிக்க ஒருவர், விளையாட்டுச் செய்திக்கு ஒருவர், எல்லாவற்றுக்கும் சிரிக்க ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த வகை நிகழ்ச்சிக்கு அவர்களே இட்ட பெயர் ‘காலை மிருகக்காட்சி சாலை’ என்பது. 1980-களின் தொடக்கத்தில் ஃபுளோரிடாவின் டாம்பா நகரிலும், 1983-இல் நியூயார்க்கிலும் ஸ்காட் ஷானன் என்பவர் நடத்திய நிகழ்ச்சிகளால் அந்தப் பெயர் நாடெங்கும் பரவிற்று. பெயர் சூட்டியவர் உண்மை பேசியிருக்கிறார் என்று எனக்குப் பலமுறை தோன்றியதுண்டு.

இந்தக் கூடத்துக்கு வரும் விருந்தாளிகளுள் முக்கியமானவர், மேடையில் தனியே நின்று, பேச்சு ஒன்றாலேயே சபையைச் சிரிக்கவைக்கும் ‘ஸ்டாண்டப்’ கலைஞர். ஊர் ஊராகச் சென்று இரவு மன்றங்களில் பேசுவது அவர் தொழில். பெரும்பாலும் வியாழன் முதல் சனி வரை ஓர் ஊர். மறுவாரம் வேறோர் ஊர். சீட்டு விற்க வேண்டுமே! ஆகையால், நள்ளிரவு வரை விழித்திருந்த மனிதர் விடியுமுன் எழுந்து, தூக்கக் கலக்கத்தோடு வானொலி நிலையத்துக்கு ஓடுகிறார். இதற்குத் தனியே கூலி கிடைப்பது அரிது, விளம்பரமே கூலி. இத்தொழிலின் வறுமையை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. லாஸ் ஏஞ்சலிஸில் புகழ்பெற்ற ‘காமெடி ஸ்டோர்’ மன்றத்தில் பேசிய கலைஞர்கள், தங்களுக்கு ஏதேனும் ஊதியம் கொடுங்கள் என்று கேட்டு 1979-இல் வேலைநிறுத்தமே செய்ய நேர்ந்தது. ஊரையே சிரிக்கவைத்தவர்கள் அதுவரை அங்கே வெறுங்கையோடுதான் வீடு திரும்பினார்கள்.

காலை வானொலி இவர்களுக்குச் செய்த உதவி பெரிது. இண்டியானாபோலிஸ் நகரின் டபிள்யூ.எஃப்.பி.கியூ. நிலையத்தில் பாப் கெவோயியன், டாம் கிரிஸ்வோல்ட் என்னும் இருவர் 1983-இல் தொடங்கிய நிகழ்ச்சி, 1995 முதல் நாட்டின் பல நிலையங்களில் ஒலிக்கலாயிற்று. பெயர் தெரியாத கலைஞர்கள் பலரை வீடுதோறும் அறிமுகப்படுத்தியது அந்தக் கூடம். 2015-ஆம் ஆண்டின் இறுதியில் கெவோயியன் ஓய்வு பெற்ற பின்னும் நிகழ்ச்சி தொடர்ந்தது.

இனி, அந்த உரையாடலின் உட்புறத்தைப் பார்ப்போம். நிகழ்ச்சி நடத்துபவர், ‘உங்களுக்குத் திருமணம் ஆகிவிட்டதாமே?’ என்று ஏதோ இயல்பாகக் கேட்பதுபோல் கேட்பார். கலைஞர் ஒரு நொடி தயங்கி, அப்போதுதான் நினைவுக்கு வந்ததுபோல் ஒரு வேடிக்கையைச் சொல்வார். கூடம் அதிரும். ஆனால் அந்தக் கேள்வி பலவேளைகளில் கலைஞரே எழுதிக் கொடுத்தது. விடையோ முந்தின இரவு மன்றத்தில் சொன்னது, அதற்கு முந்தின வாரம் வேறோர் ஊரில் சொன்னது. இது பொய்யா என்றால், பொய் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வீட்டுக்கு வந்த பெரியவர் பத்தாவது முறையாகச் சொல்லும் கதைக்கு, முதன்முறை கேட்பதுபோல் நாம் சிரிப்பதில்லையா? அது உபசாரம். கேட்பவரும் ஒருவாறு அறிந்தே ஏமாறுகிறார்.

ஆயினும் இந்த உபசாரத்துக்கு ஒரு விலை உண்டு. அந்த விலையைக் கொடுப்பவர் கலைஞரும் அல்லர், நிகழ்ச்சி நடத்துபவரும் அல்லர்.

இரவு மன்றத்தில் சிரிப்பு என்பது ஒரு தீர்ப்பு. காசு கொடுத்து உள்ளே வந்தவர் கட்டாயத்துக்காகச் சிரிக்கமாட்டார். கலைஞர் தம் மனைவியைப் பற்றியோ அண்டை வீட்டாரைப் பற்றியோ அளவு மீறிப் பேசிவிட்டால் சபை சட்டென்று அடங்கிப்போகும். எங்கோ ஒரு மூலையில் யாரோ ‘ச்சே’ என்பார். அந்த அமைதி இருக்கிறதே, அதுதான் அங்கே இல்லாத மனிதருக்காக எழுந்து நிற்கும் வழக்கறிஞர். கலைஞரும் அதைக் கேட்டுத் தம் சொல்லை மறுநாள் திருத்திக்கொள்கிறார். காலை வானொலியிலோ அமைதிக்கு இடமே கிடையாது. ஒலி நின்றால் கேட்பவர் வேறு நிலையத்துக்குத் திருப்பிவிடுவார் என்ற அச்சம் அவர்களுக்கு. எனவே என்ன சொன்னாலும் சிரிப்பதற்கு ஆள் இருக்கிறார். இல்லாதவருடைய வழக்கறிஞரை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்திவிட்டார்கள்.

சட்டம் இதைப் பற்றிக் கவலைப்பட்டதா? பட்டது, ஆனால் வேறொருவரைக் குறித்து. 1973-ஆம் ஆண்டு அக்டோபர் 30 அன்று பிற்பகலில், நியூயார்க்கின் டபிள்யூ.பி.ஏ.ஐ. வானொலி, ஜார்ஜ் கார்லின் என்ற புகழ்பெற்ற கலைஞரின் பேச்சொன்றை இசைத்தட்டிலிருந்து ஒலிபரப்பியது. வானொலியில் சொல்லக்கூடாத சொற்கள் எவை என்பதே அதன் பொருள். அச்சொற்கள் யாவும் அதில் வந்தன. மகனோடு காரில் சென்றுகொண்டிருந்த ஒரு தந்தை அதைக் கேட்டுவிட்டு முறையிட்டார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1978-இல் ஐந்து நீதிபதிகள் ஒருபுறமும் நால்வர் மறுபுறமுமாக நின்று, அத்தகைய ஒலிபரப்பைக் கட்டுப்படுத்த அரசுக்கு உரிமை உண்டென்று தீர்ப்பளித்தார்கள். வானொலி அழைக்காமலே வீட்டுக்குள் நுழைவது, குழந்தைகள் காதிலும் விழுவது என்பது அவர்கள் கண்ட நியாயங்களில் தலையானது. பின்னாளில் காலை ஆறு மணி முதல் இரவு பத்து மணி வரை ஆபாசப் பேச்சு ஆகாது என விதியும் வகுக்கப்பட்டது.

நல்ல விதிதான். பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துச் செல்லும் நேரத்தில் நானும் அதை வேண்டுவேன். ஆனால் பாருங்கள், சட்டம் காத்தது கேட்பவரின் காதை. ஒரு கெட்ட வார்த்தையும் கலவாமல், மிகச் சுத்தமான மொழியில் ஒரு கிழவியைச் சந்தி சிரிக்கவைத்தால் அந்த விதிக்கு அதில் வேலையில்லை.

மாமியார் மீது வேடிக்கை சொல்வது அந்நாட்டு மேடையில் பழைய மரபு. சுண்டா கிரான்க்விஸ்ட் என்ற பெண் கலைஞர், யூதக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்ட கறுப்பினத்து மருமகளாகிய தம் அனுபவத்தை மேடையில் சொல்லிவந்தார். தங்களை இன வெறுப்புடையவர்களாகச் சித்திரிக்கிறார் என்று கணவர் வீட்டார் அவர்மீது வழக்குத் தொடர்ந்தார்கள். 2010-இல் நியூஜெர்சியிலுள்ள நீதிமன்றம் வழக்கைத் தள்ளிவிட்டது. அவர் சொன்னவை அவருடைய கருத்துகள், அவற்றைச் சொல்ல அவருக்கு உரிமை உண்டு என்பது சாரம். சட்டப்படி அது சரியாகவே இருக்கலாம். எனினும் அந்த மாமியாரை நினைத்துப் பார்க்கிறேன். அவர் எங்கு சென்றாலும், அவர் எத்தகையவர் என்று அவருக்கு முன்பே மருமகள் சொல்லி முடித்திருப்பார். மறுமொழி சொல்ல அவருக்கு மேடையும் இல்லை, நகைச்சுவையும் வராது. மருமகள் பக்கமும் நியாயம் உண்டு என்பதை மறைக்கமாட்டேன். வேற்றினத்துப் பெண்ணாக ஒரு வீட்டுக்குள் நுழைந்தவர் பட்டதைச் சொல்லிச் சிரிப்பது, சொல்லாமல் அழுவதைவிட மேலல்லவா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இது காலை நிகழ்ச்சியன்று, சனிக்கிழமை இரவில் ஒலித்தது. பி.பி.சி.யின் இரண்டாம் வானொலியில் ரஸ்ஸல் பிராண்ட் என்ற கலைஞர் நடத்திய நிகழ்ச்சிக்கு 2008 அக்டோபரில் ஜோனதன் ராஸ் விருந்தாளியாக வந்தார். பேட்டிக்காக ஆண்ட்ரூ சாக்ஸ் என்னும் 78 வயது நடிகரைத் தொலைபேசியில் அழைத்தார்கள். மறுமுனையில் அவர் இல்லை. செய்தியைப் பதிவு செய்யும் கருவிதான் எடுத்தது. அந்தக் கருவியிடம் அவருடைய பேத்தியைக் குறித்து, குடும்பத்தார் யாரும் கேட்கத் தகாத பேச்சுகளை இருவரும் பேசிச் சிரித்தார்கள். அது நேரலை கூட அன்று. இரண்டு நாள் முன்னதாகவே பதிவு செய்து, கேட்டு, ஒப்புதல் கொடுத்து ஒலிபரப்பியது. ஒலிபரப்பு முடிந்ததும் வந்த புகார்கள் எத்தனை தெரியுமா? இரண்டே இரண்டு. அவையும் பேச்சிலிருந்த தகாத சொற்களைப் பற்றியவை. ஒரு வாரம் கழித்துப் பத்திரிகையொன்றில் செய்தி வெளியான பின்னர்தான் புகார்கள் 40,000-ஐக் கடந்தன. பிராண்ட் பதவி விலகினார், வானொலியின் தலைவியும் விலகினார். ராஸ் பன்னிரண்டு வாரம் சம்பளமின்றி நிறுத்திவைக்கப்பட்டார். மறு ஆண்டு 1,50,000 பவுன் அபராதமும் விதிக்கப்பட்டது.

இதில் என்னை உறுத்துவது அந்த நாற்பதாயிரம் அல்ல, அந்த இரண்டு. அன்றிரவு கேட்டவர்கள் எல்லாரும் கல்நெஞ்சர்கள் என்று சொல்ல முடியுமா? அவர்கள் காதில் சிரிப்பு மட்டுமே விழுந்தது. பத்திரிகையில் ஒரு முதியவரின் முகத்தைக் கண்ட பிறகே, அவர் யாருக்கோ தாத்தா என்பது அவர்களுக்கு நினைவு வந்தது.

இல்லாதவராக இருப்பது எப்படி என்பது நம்மவர்க்கும் தெரியாததன்று. 2001-க்குப் பின் அந்நாட்டு வானொலிகளில் தாடியும் தலைப்பாகையும் எத்தனை காலை வேடிக்கைக்குப் பயன்பட்டிருக்கும்! 2004-இல் பிரீச்சர் மாஸ், அசர் உஸ்மான் என்னும் முஸ்லிம் கலைஞர்கள் சேர்ந்து ஊர் ஊராக மேடையேறத் தொடங்கினார்கள். விமானத்தில் தம் தாடியைக் கண்டு சக பயணிகள் படும் பாட்டை அசர் உஸ்மானே சொன்னபோது சபை சிரித்தது. வேடிக்கை பழையதுதான், ஆள் மட்டும் அவைக்குள் வந்துவிட்டார்.

எல்லாருக்கும் அப்படி வரமுடிகிறதா என்ன?

ஒருநாள் காலை, மகனுடைய காரில், கலைஞர் ஒருவர் தம் தந்தையைப் பற்றிப் பேசினார். எந்த நிலையம், எவர் என்பது இங்கே தேவையில்லை. தந்தைக்கு வயதாகிவிட்டதாம், மறதி மிகுந்துவிட்டதாம். ஒரே கேள்வியை நாளைக்கு நான்கு முறை கேட்பாராம். முதலில் பொறுமையாகச் சரியான விடையைச் சொல்லிவந்த மகன், பிறகு முறைக்கொரு விடையாகச் சொல்லத் தொடங்கினாராம். நான்கு விடைக்கும் தந்தை மனநிறைவோடு தலையாட்டுவாராம். கூடத்தில் சிரிப்பு அடங்க நெடுநேரம் ஆயிற்று. என் மகனும் வாய்விட்டுச் சிரித்தான். நானும் சிரித்தேன். மறுக்கமாட்டேன், நன்றாகத்தான் சொன்னார். அந்த நான்கு விடைகளையும் நான்கு குரலில் சொன்னார்.

அந்தக் கலைஞரை நான் வெறுக்கவில்லை. தந்தையைத் தம்மோடு வைத்துப் பார்த்துக்கொள்பவர் என்பது பேச்சிலேயே தெரிந்தது. நாள் முழுதும் சுமப்பவர் சுமையை இறக்கிவைக்க ஓர் இடம் வேண்டும். அவருக்குக் கிடைத்த இடம் அது. அந்தப் பெரியவர் அடுத்த அறையில் உறங்கிக்கொண்டிருந்திருக்கலாம். அவரை முன்வரிசையில் உட்காரவைத்துக்கொண்டும் மகன் அதைச் சொல்லியிருப்பாரா, அவரும் சேர்ந்து சிரித்திருப்பாரா என்றுதான் நான் எண்ணிக்கொண்டிருந்தேன். அந்த எண்ணம் முடிவதற்குள் மற்றொன்று நினைவுக்கு வந்தது. நான் ஊர் திரும்பும் விமானம் என்றைக்கு என்று என் மகனிடம் அந்த வாரத்தில் பலமுறை கேட்டிருந்தேன். ஒவ்வொரு முறையும் அவன், ‘பதினேழாம் தேதி, வாப்பா’ என்றே சொல்லியிருந்தான்.

அவனுக்கும் அது தோன்றியிருக்க வேண்டும். கை நீட்டி வானொலியின் ஒலியைக் குறைத்தான். சாலையைப் பார்த்தபடியே, ‘சும்மா சொல்றாங்க வாப்பா, அதெல்லாம் கட்டுக்கதை’ என்றான்.

‘கெட்டிக்காரன், நல்லாத்தான் பேசுறான்’ என்றேன்.

நூலகத்தின் வாசலில் கார் நின்றது. இறங்கிக் கதவைச் சாத்தப்போனவன், மாலையில் எத்தனை மணிக்கு வருவாய் என்று அவனைக் கேட்டேன். வீட்டிலிருந்து புறப்படும்போதே கேட்டிருந்தேன் என்பது, கேட்ட பின்னர்தான் உறைத்தது.

‘ஐந்தரைக்கு, வாப்பா’ என்றான், முதன்முறை சொல்வதுபோல.