கடல் பொங்கினால் யார் பாவம்?

கொல்லம் ஆண்டு 1008, மாசி 20. திருச்செந்தூர்க் கடலிலிருந்து அய்யா வைகுண்டர் அவதரித்த நாள். அதனால் கடல் நமக்கு வெறும் உப்புத்தண்ணீர் அல்ல. அய்யாவைத் தந்த தாய்மடி. துவையல் தவசுக்காக 700 குடும்பத்தார் வாகைப்பதிக்குப் போனபோது, குளித்ததும் துணி துவைத்ததும் அந்தக் கடலில்தான்.

அதே கடல் 2004 டிசம்பர் 26, ஞாயிறு காலையில் பொங்கி எழுந்தது. கொளச்சலிலும் கொட்டில்பாட்டிலும் மணக்குடியிலும் வீடுகளுக்குள் புகுந்தது. மணக்குடிப் பாலத்தையே பெயர்த்து எறிந்தது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் மாண்டார்கள். தென்கரையை விட்டுத் திருப்பூர்ச் சீமைக்குப் பனியன் வேலைக்கு வந்தவர்கள் மனத்தில் ஒரு கேள்வி இன்றும் கிடக்கிறது: "தாய்மடி ஏன் பிள்ளைகளை விழுங்கியது? அவர்கள் செய்த பாவமா?"

இல்லை மக்களே. சுமத்ரா தீவை ஒட்டிய கடலடியில், பூமியின் ஒரு பாறைத்தட்டு இன்னொன்றின் கீழே நகர்ந்துகொண்டே இருக்கிறது. நெடுங்காலம் இறுகிக் கிடந்த அந்த அழுத்தம் அன்று 1,000 கிலோமீட்டருக்கும் அதிகமான நீளத்தில் வெடித்தது. கடல்தரை உயர்ந்தது, மேலிருந்த தண்ணீர் முழுவதும் தள்ளப்பட்டது. அது தமிழகக் கரையைத் தொட இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. இதில் தொட்டிலில் கிடந்த குழந்தையின் பாவம் எங்கே இருக்கிறது?

துன்பப்பட்டவனைப் பார்த்து "உன் வினை" என்று சொல்வது பழைய நீசப் பேச்சு. அய்யா காலத்தில் ஒடுக்கப்பட்டோரிடமும் அதைத்தான் சொன்னார்கள். அய்யாவோ அவர்களைத் தலைப்பாகை கட்டி நிமிர்ந்து நிற்கச் சொன்னார். மாண்டவர்மேல் பழி போடுகிறவர் அய்யா பக்கம் நிற்கவில்லை.

ஆனால் பாவம் வேறிடத்தில் உண்டு. அலை வர இரண்டு மணி நேரம் இருந்தும், கரைக்கு ஒரு சொல் வந்து சேரவில்லை. இந்தியப் பெருங்கடலுக்கு அன்று சுனாமி எச்சரிக்கை அமைப்பே கிடையாது. ஐதராபாத்தில் எச்சரிக்கை மையம் 2007-இல்தான் வந்தது. 2017 நவம்பர் 30-இல் குமரிக் கடலில் ஒக்கி புயல் விரைந்து வலுத்தபோது, பல மீனவர்கள் ஏற்கெனவே ஆழ்கடலில் இருந்தார்கள். செய்தி அவர்களை எட்டவில்லை. மணல்மேட்டைத் தரைமட்டமாக்கியதும், அலையாத்திக் காட்டை வெட்டியதும், ஆற்றுமணலை அள்ளியதும் மனிதனின் பேராசை. அந்தப் பேராசைக்குப் பெயர்தான் கலி.

"கடல் எங்கேயோ, நாம் அமராவதி நகரில்" என்று இருந்துவிட முடியாது. ஆனைமலைப் பக்கத்து மழையைச் சுமந்து வரும் அமராவதி, கரூர் தாண்டிக் காவிரியில் சேர்கிறது. காவிரி கடலுக்குப் போகிறது. ஆறு கொண்டுபோகும் மணல்தான் கரையைக் கட்டிக் காக்கிறது. இங்கே ஒரு லாரி மணலைத் திருடினால், அங்கே ஒரு குடிசையின் அரண் குறைகிறது. இங்கே விடும் சாயக்கழிவும் அந்தத் தண்ணீர் வழியேதான் போகும்.

ஆகவே செய்ய வேண்டியது என்ன? பலியும் பரிகாரமும் அய்யா கேட்டதில்லை. தாழ்ந்து கிடப்பவரைத் தூக்கி நிறுத்தும் தர்மத்தையே கேட்டார். கரையில் இருக்கும் சொந்தங்களுக்குச் சொல்லி வையுங்கள்: நிலம் நெடுநேரம் நடுங்கினாலோ, கடல் வழக்கத்துக்கு மாறாக உள்வாங்கினாலோ வேடிக்கை பார்க்க நிற்காமல் மேட்டுக்கு ஓட வேண்டும். முதல் அலை போய்விட்டது என்று உடனே திரும்பவும் கூடாது. புயல் எச்சரிக்கை வந்தால் ஒரு போன் போட்டுக் கேளுங்கள். அணையில் உபரிநீர் திறக்கும்போது ஆற்றங்கரைக் குடிசையில் இருப்பவரைக் கூட்டி வந்து நிழல்தாங்கலில் கஞ்சி ஊற்றுங்கள். ஆற்றில் கழிவு கொட்டும் கை நம் கையாக இருக்க வேண்டாம்.

பதியில் கண்ணாடி முன் நிற்கும்போது, "அவர்கள் என்ன பாவம் செய்தார்கள்?" என்று கேட்காதீர்கள். "அவர்களுக்காக நான் என்ன செய்தேன்?" என்று அதில் தெரியும் முகத்தைக் கேளுங்கள். பதில் சொல்ல முடிந்த நாளில் நம் நெற்றியில் இட்ட நாமத்துக்குப் பொருள் உண்டு.

அய்யா உண்டு!