ஒலிவ இலையும் ஐந்நூறு திராக்மாவும்

கிரேக்கர்களைப் பற்றி நமக்குள் ஒரு சித்திரம் இருக்கிறது. ஒலிம்பியாவில் வென்றவனுக்குக் காட்டு ஒலிவ இலைகளால் ஒரு முடி, வேறொன்றும் கிடையாது. பி.ஏ. ஆங்கிலம் படிக்கிறபோது இந்தச் சித்திரத்தை நானும் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொண்டேன். பிற்பாடு, நண்பர்கள் கைக்காசு போட்டு நடத்தும் பத்திரிகைகளில் எழுத ஆரம்பித்தபோது அது ரொம்பச் சௌகரியமாக இருந்தது. காசு வாங்காமல் எழுதுகிறவன் இலைக்காக ஓடுகிறவன், வாரப் பத்திரிகைக்காரன் கூலிக்கு ஓடுகிறவன் என்று ஒரு பாகுபாடு. பத்து வருஷம் இதை வைத்துக்கொண்டே காலம் தள்ளிவிட்டேன்.

இலை முடி உண்மை. வேறொன்றும் கிடையாது என்பதுதான் பொய். ஒலிம்பிய வெற்றிக்கு ஆதன்ஸ் நகரம் 500 திராக்மா தரவேண்டும் என்று ஸோலன் விதித்ததாகப் புளுட்டார்க் எழுதுகிறார். வென்றவனுக்கு நகர மண்டபத்தில் ஆயுள் பூராவும் சாப்பாடு. ஆதன்ஸின் சொந்தத் திருவிழாவில், சிறுவர் ஓட்டத்தில் முதலில் வந்தவனுக்கு 50 ஜாடி ஒலிவ எண்ணெய் என்று கி.மு. 4ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டொன்று சொல்கிறது. 'அத்லீட்' என்ற சொல்லுக்கு வேரான 'ஆத்லோன்' என்பதற்கே பரிசு என்றுதான் அர்த்தம். கி.மு. 399இல் நடந்த விசாரணையில், பிளாட்டோ எழுதியுள்ளபடி, ஸாக்ரடீஸ் தனக்குரிய தண்டனையாக இந்த மண்டபச் சாப்பாட்டைக் கேட்கிறார். ஒலிம்பியாவில் குதிரை ஓட்டி ஜெயித்தவனுக்குச் சோறு தேவையில்லை, தனக்குத் தேவை என்கிறார். பரிகாசம்தான். என்றாலும், செய்த காரியத்துக்குச் சோறு கேட்பதில் இழிவு இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை.

அப்படியானால் அந்தச் சித்திரம் எங்கிருந்து வந்தது? 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்திலிருந்து. தேம்ஸ் நதியில் நடக்கும் ஹென்லி படகுப் போட்டியின் 1879ஆம் வருஷ விதிப்படி, மெக்கானிக், கைவினைஞன், கூலியாள் எவனும் அமெச்சூர் ஆக மாட்டான். கையால் உழைத்துச் சாப்பிடுகிறவனைக் கரையிலேயே நிறுத்திவைக்க ஏற்பட்ட விதி இது. 1894இல் கூபர்த்தேன் பாரிஸில் கூட்டிய மாநாட்டிலும் அமெச்சூர் பிரச்னை முக்கியமாக இருந்தது. வர்க்க விதிக்குக் கிரேக்க உடை போர்த்தியாயிற்று. அந்த உடையை டேவிட் யங் என்ற அமெரிக்க அறிஞர் 1984இல் ஒரு புத்தகம் எழுதி உரித்துக்காட்டினார்.

அதற்குள் ஜிம் தோர்ப் பலியாகிவிட்டார். ஸாக்-ஃபாக்ஸ் பழங்குடியைச் சேர்ந்தவர். 1912 ஸ்டாக்ஹோமில் பென்டத்லான், டெகத்லான் இரண்டிலும் தங்கம். முன்பு இரண்டு கோடைகளில் சொற்பக் கூலிக்குப் பேஸ்பால் ஆடியிருந்தார் என்பதற்காக 1913இல் பதக்கங்களைப் பிடுங்கினார்கள். அந்நாட்களில் கல்லூரி மாணவர்கள் பலர் பொய்ப் பெயரில் ஆடிக் காசு வாங்கினார்கள். தோர்ப் சொந்தப் பெயரில் ஆடினார், அகப்பட்டுக்கொண்டார். 1953இல் இறந்தார். 1982இல் அவரை அமெச்சூர் என்று மறுபடி ஒப்புக்கொண்டார்கள். தனியொரு வெற்றியாளராக அவரை அங்கீகரிக்க 2022 வரை ஆயிற்று.

கிரேக்கர்கள் எதையும் குற்றமாக நினைக்கவில்லை என்பதல்ல. கி.மு. 388இல் யூபோலஸ் என்ற குத்துச்சண்டைக்காரன் எதிராளிகள் மூவருக்கு லஞ்சம் கொடுத்து ஜெயித்தான். கொடுத்தவன், வாங்கியவர்கள் எல்லோருக்கும் அபராதம். அந்தப் பணத்தில் ஸீயஸுக்கு ஆறு வெண்கலச் சிலைகள் செய்து, மைதானத்துக்குப் போகிற வழியில் நிறுத்தினார்கள். ஓடப் போகிறவன் அவற்றைத் தாண்டித்தான் உள்ளே நுழைய வேண்டும். பின்னாளில் இன்னும் சில சிலைகள் சேர்ந்தன. பீடங்கள் இப்போதும் அங்கே இருக்கின்றன. ஆக, ஜெயித்ததற்குக் காசு வாங்குவது அவர்களுக்குத் தப்பில்லை. தோற்பதற்குக் காசு வாங்கினால், அதாவது ஆட்டத்தையே விற்றால், அதுதான் தப்பு.

இதைப் படித்த பிறகு என் பாகுபாடு நிற்கவில்லை. நான் காசு வாங்காமல் எழுத முடிவது மாதாமாதம் பாங்கு சம்பளம் போடுவதால். என் தூய்மைக்கு அங்கே ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. அப்படியொரு சம்பளம் இல்லாதவன் எழுத்துக்குக் கூலி கேட்டால் முகம் சுளிக்கிறேனே, அப்போது நான் நிற்பது ஹென்லிக் கரையில்தான்.

அதைவிடச் சங்கடமானது இன்னொன்று. சென்ற வருஷம் நண்பர் ஒருவரின் கவிதைத் தொகுதிக்கு மதிப்புரை எழுதினேன். பாதிக் கவிதைகள் எனக்குப் பிடிக்கவில்லை. அதை எழுதவில்லை, பிடித்த நாலைந்தைப் பற்றி மட்டும் விஸ்தாரமாக எழுதினேன். இரண்டு மாதம் கழித்து என் கட்டுரைகளைப் பற்றி அவர் எழுதினார். தாராளமாகவே எழுதினார். இரண்டு பக்கமும் ஒரு பைசா கைமாறவில்லை. எங்கள் வட்டத்தில் இதை யாரும் லஞ்சம் என்று சொல்லவும் மாட்டார்கள்.

யூபோலஸும் அந்த மூவருமாவது அபராதம் கட்டினார்கள்.